எச்சமும் முற்றும்: கணினி மொழியில் ஓர் இலக்கணக் காவல்

'கந்தன் வயலுக்குச் சென்று' என ஒருவன் எழுதி நிறுத்துவானாயின், கந்தன் யார், அவன் வயல் யாண்டுளது என்பவற்றை ஒருசிறிதும் அறியாதவனும் அத்தொடர் குறையுடைத்து என்பதை அக்கணமே உணர்வான். 'சென்று' என்பது வினையெச்சம்; அது தன்னை முடிக்கும் வினைமுற்று ஒன்றை வேண்டி நிற்பது. 'அவன் வந்தாள்' என எழுதப்பட்டிருப்பின், வந்தவரை நேரிற் காணாமலே அது பால்வழு எனத் தெளிகின்றோம். இவ்வாறு வரும் வழுக்களைத் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என ஏழாகத் தொகுத்துரைத்தார் நன்னூலார். உலகிற் சென்று ஆராயாமல், எழுதப்பட்ட எழுத்தைக் கொண்டே பிழையைக் கண்டறியும் இவ்வாற்றல், இலக்கணம் நமக்கு அளித்த பெருஞ்செல்வமாகும்.

இதே ஆற்றலைக் கணினி மொழிகளுக்கும் அளித்தல் கூடுமா? கூடும் என்பதே அறிஞர் கண்ட விடை. அவ்வகையில், 'ஒரு பொருள் குறைவற அமைந்த பின்னரே பயன்படுத்தப்படல் வேண்டும்' என்னும் விதியை, செய்நிரல் இயங்கத் தொடங்கு முன்னரே எவ்வாறு நிலைநாட்டலாம் என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றோம். கணினித் துறையிற் புகுந்துள்ள நம் பழைய மாணவர்க்கு இது தெரிந்த செய்தியாயிருத்தல் கூடும். ஏனையோர்க்கு, தாம் பள்ளியிற் கற்ற இலக்கணம் எத்துணைத் தொலைவு சென்று பயன்தருகின்றது என்பதைக் காட்டுதற்கேனும் இது உதவும்.

முதற்கண் 'பொருள்' என்பது யாது எனக் காண்போம். செய்நிரலாக்கத்தில், ஒன்றைப்பற்றிய செய்திகள் பலவற்றை ஒருங்கு கட்டிவைத்த தொகுதியே பொருள் எனப்படும். தம்பலகாமத்து வயல்களுக்குக் கந்தளாய்க் குளத்து நீர் பாய்வதை யாவரும் அறிவர். அவ்வயல்களுக்கு நீர் பங்கிடுதற்கு ஒரு கணினிப் பதிவேடு அமைப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பதிவு வேண்டும். அதன்கண் உடையவர் பெயர், பரப்பு, நீர் பெறும் வாய்க்கால், நீர்விடும் நாள் என நான்கு புலங்கள் உள. இந்நான்கும் சேர்ந்ததே 'வயற்பதிவு' என்னும் பொருள். இந்நான்கும் நிரம்பினாலன்றி அப்பதிவால் எப்பயனும் இல்லை. பரப்பு எழுதாத பதிவைக் கொண்டு எவ்வளவு நீர் விடுவது? வாய்க்கால் எழுதாத பதிவைக் கொண்டு எந்த மதகைத் திறப்பது?

தாளிற் பதிவெழுதிய காலத்தில் இக்குறை பெருந்தீங்கு விளைத்ததில்லை. வெற்றிடத்தைக் கண்ட வட்டவிதானையார், உடையவரை அழைத்து வினவி நிரப்பிக்கொள்வார். மனிதன் வெற்றிடத்தை வெற்றிடமாகக் காண்பான். கணினியோ அவ்வாறன்று. சி என்னும் மொழியில், நிரப்பப்படாத உள்ளக மாறி ஒன்று முன்னர் அந்நினைவிடத்திற் கிடந்த குப்பையையே தன் மதிப்பெனக் காட்டுதல் கூடும். ஜாவா மொழியில், நிரப்பப்படாத எண் புலம் பூச்சியமாகும். பிற பொருளைச் சுட்டவேண்டிய புலம், எதனையும் சுட்டாத 'வெறுமை'யாகும். பரப்பு பூச்சியமெனக் கொண்ட கணினி, அவ்வயலுக்கு நீர் வேண்டுவதில்லை என்று அமைதியாகக் கணக்கிட்டுவிடும். வெறுமையைச் சென்று தொட்ட செய்நிரலோ அவ்விடத்தே நின்றுவிடும். இவ்விரண்டனுள், அமைதியாகப் பிழைபட்ட கணக்கே பெருங்கேடு என்பது எண்ணிப்பார்ப்பார்க்குப் புலனாகும்.

இனி, பிழை வெளிப்படும் காலம் இருவகைப்படும். நாம் எழுதிய செய்நிரலை இயந்திரம் உணரும் வடிவிற்கு மாற்றுவது தொகுப்பான் என்னும் கருவி. அது மாற்றும் வேளை தொகுப்பு வேளை. மாற்றப்பட்ட செய்நிரல் பயனாளர் கையிற் சென்று தொழிற்படும் வேளை இயங்கு வேளை. தொகுப்பு வேளையிற் பிழை கண்டால் எழுதியவனே தன் மேசையிலிருந்து திருத்துவான். இயங்கு வேளையிற் கண்டாலோ வங்கியின் வாயிலிலும், மருத்துவமனைக் கட்டிலருகிலும், விமான நிலையத்திலும் நிற்கும் மக்கள் அதன் விலையைக் கொடுப்பர். ஆதலின் முன்னதிலேயே பிழைகளைப் பிடித்தல் அறிவுடைமையாகும்.

அவ்வாறு பிடிப்பதற்குத் தொகுப்பானிடம் உள்ள கருவியே 'வகைமுறை' என்பது. ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு வகையைக் குறித்து, எந்த வகை எந்த வகையோடு சேரும், சேராது என விதித்து, அவ்விதிக்கு மாறாயினவற்றைத் தொகுப்பான் மறுத்தலே அதன் தொழில். உயர்திணை எழுவாய்க்கு அஃறிணைப் பயனிலை சேராது என நாம் விதித்தமை போல்வது இது. தருக்க நூலில் வகைக்கொள்கையைப் பேட்றண்ட் றசல் 1908 இல் விரித்துரைத்தார். அலொன்சோ சேர்ச் 1940 இல் அதனைக் கணிப்பு முறையோடு இணைத்தார். கணினி மொழிகள் அவ்வழியே வந்தவை.

இவ்விடத்து நம் தீவிற் பிறந்த அறிஞர் ஒருவரை நினைவுகூர்தல் தகும். சேர் அந்தனி ஹோர் 1934 சனவரி 11 ஆம் நாள் கொழும்பிற் பிறந்தவர். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றது கணிதமன்று. கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களும் மெய்யியலுமே. பின்னர் இரசிய மொழியையும் கற்றார். மொழிபெயர்ப்பிற் கணினியைப் பயன்படுத்தும் முயற்சியின்போது சொற்களை அகரவரிசைப்படுத்த வேண்டியிருந்தமையே, இன்று உலகெங்கும் வழங்கும் 'விரைவு வரிசையாக்கம்' என்னும் முறையை அவர் காண ஏதுவாயிற்று. கணினித் துறையின் தலையாய பரிசெனப் போற்றப்படும் ரியூறிங் விருது 1980 இல் அவரை அடைந்தது. மொழி பயின்றோர்க்குக் கணினியில் இடமில்லை என்பார்க்கு இவர் வாழ்வே விடையாகும்.

அவ்வறிஞர் 1965 இல், அல்கோல் வழிவந்த மொழியொன்றிற்கு, பிற பொருள்களைச் சுட்டும் சுட்டுகளின் வகைமுறையை வகுத்துக்கொண்டிருந்தார். சுட்டுகளின் பயன்பாடு முழுவதையும் தொகுப்பானே ஆராய்ந்து காத்தல் வேண்டும் என்பது அவர் குறிக்கோள். ஆயினும், எதனையும் சுட்டாத 'வெறுமைச் சுட்டு' ஒன்றையும் அவர் அதன்கண் சேர்த்தார். அதனை இயற்றுதல் மிக எளிதாயிருந்தமையே காரணம் எனப் பின்னாளில் அவரே கூறினார். 2009 இல் இலண்டனில் நிகழ்ந்த மாநாட்டுச் சொற்பொழிவொன்றில், அதனைத் தமது நூறு கோடி டொலர்ப் பிழை என்று பெயரிட்டுரைத்தார். நிரப்பாத புலத்திற்கெல்லாம் வெறுமை ஒரு மறைவிடமாயிற்று. வயற்பதிவு என்னும் வகையைப் பூண்டு நிற்பது உண்மையில் வயற்பதிவோ அன்றி வெறுமையோ என்பதைத் தொகுப்பானால் அறியமுடியாது போயிற்று. காவலன் வாயிலில் நிற்பினும், காவலனது உடையையே அணிந்து கள்வனும் உட்புகலாம் என்றால் காவலால் யாது பயன்?

இதன் விளைவு சொல்லளவில் நிற்பதன்று. அண்மை ஆண்டுகளில் உலகறிய நிகழ்ந்த இரண்டினைச் சுட்டுவோம்.

முதலாவது, 2024 யூலை 19 ஆம் நாள் நிகழ்ந்தது. கிறவுட்ஸ்ரைக் என்னும் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு அனுப்பப்பட்ட புதுக்கோப்பு ஒன்றால், ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் செயலிழந்தன என மைக்ரோசொஃப்ற் நிறுவனம் மதிப்பிட்டது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகளும் வங்கிகளும் இடருற்றன. காரணத்தை ஆராய்ந்தபோது, ஒரு வார்ப்பு 21 புலங்களை உடையதென வரையறுக்கப்பட்டிருந்தது. அதற்கு உள்ளீடு வழங்கிய செய்நிரலோ 20 மட்டுமே வழங்கியது. முன்னர் வந்த கோப்புகள் 21 ஆம் புலத்தில் 'எதுவாயினும் ஆகுக' என்றிருந்தமையால், அவ்விடத்தை எவரும் தொட நேரவில்லை. அன்று வந்த கோப்போ அதனை நோக்குமாறு பணித்தது. இல்லாத இடத்தை நோக்கச் சென்ற மென்பொருள் வீழ்ந்தது. புலங்களின் எண்ணிக்கை தொகுப்பு வேளையில் ஒப்புநோக்கப்படவில்லை என்பதை அந்நிறுவனமே தன் ஆய்வறிக்கையில் முதற்காரணங்களுள் ஒன்றாகக் குறித்தது. இருபத்தொன்றிற்கும் இருபதிற்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. அவ்வொன்றை எண்ணிப்பார்க்க ஒரு விதி இல்லாமையே உலகை நிறுத்திற்று.

இரண்டாவது, 2025 யூன் 12 ஆம் நாள் நிகழ்ந்தது. கூகிள் நிறுவனத்தின் மேகக் கணிமைச் சேவைகள் உலகின் பல பகுதிகளிலும் பல மணிநேரம் தடைப்பட்டன. அவ்வாண்டு மே 29 ஆம் நாள் சேர்க்கப்பட்ட புதிய செய்நிரற் பகுதி, இரு வாரம் வரை எவ்விடரும் காட்டாது உறங்கிக் கிடந்தது. பின்னர், வெற்றுப் புலங்களையுடைய ஒரு கொள்கைப் பதிவு தரவுத்தளத்திற் புகுந்து, சில நொடிகளில் உலகெங்கும் படியெடுக்கப்பட்டது. அதனைப் படித்த செய்நிரல் வெறுமைச் சுட்டைத் தொட்டு வீழ்ந்தது, எழுந்தது, மீண்டும் வீழ்ந்தது. ஈண்டும் குறை ஒன்றே: முற்றாத பொருளை முற்றியதாகக் கொண்டமை.

இக்குறையைத் தீர்க்க வகைமுறை கையாளும் வழிகள் இரண்டு. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் வழி, பிறக்கும்போதே நிறைவுடன் பிறக்கச் செய்தல். வயற்பதிவு ஒன்றை ஆக்கவேண்டுமாயின் நான்கு புலங்களின் மதிப்பையும் ஒருங்கே தருதல் வேண்டும். ஒன்று குறையினும் தொகுப்பான் அச்செய்நிரலை ஏலாது. 2015 இல் முதற் பதிப்பை எய்திய றஸ்ற் மொழி இவ்வாறே விதிக்கின்றது. 2014 இல் அறிமுகமான ஸ்விஃப்ற் மொழி, ஆக்கும் செயல்முறை முடிவதற்குள் புலம் யாவும் நிரம்பவேண்டும் எனக் கட்டளையிடுகின்றது. ஜாவா மொழியிலும், மாற்றப்படாதவை எனக் குறித்த புலங்களுக்கு இவ்விதி உண்டு. ஆயின் அவை வெறுமையால் நிரம்புவதை அது தடுப்பதில்லை. 2016 இல் முதற் பதிப்பாக வெளிவந்த கொட்லின் மொழி, வெறுமையை ஏற்கும் வகை வேறு, ஏலா வகை வேறு எனப் பிரித்து, அக்குறையையும் நீக்கிற்று.

அங்ஙனமாயின், உண்மையிலேயே இல்லாதிருக்கக்கூடிய செய்தியை என் செய்வது? வயலுடையார் சிலருக்குத் தொலைபேசி இல்லாதிருக்கலாம். அதற்கு 'இருக்கலாம்' என்னும் தனிவகை உண்டு. தொலைபேசி எண்ணை அவ்வகையினதாகக் குறித்துவிட்டால், அதனைப் பயன்படுத்துமிடந்தோறும், 'இருப்பின் இது செய்க, இல்லையேல் அது செய்க' என இரு வழியும் எழுதாதவரை தொகுப்பான் விடாது. இன்மை ஒளிந்து வாராமல், தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வாயில் வழியே வருகின்றது. இன்மையை ஒழித்தல் நோக்கமன்று. அதனை வெளிப்படச் சொல்லுதலே நோக்கம்.

இரண்டாவது வழி இன்னும் நுண்ணியது. சில பொருள்களை ஒரே அடியில் நிரப்புதல் இயலாது. உடையவர் பெயரும் பரப்பும் இன்று கிடைக்கும். நீர்விடும் நாளோ போகக் கூட்டம் கூடித் தீர்மானித்த பின்னரே கிடைக்கும். இடைப்பட்ட காலத்தில் அப்பதிவு அரைகுறையாகவே இருக்கும். அதனை எவ்வாறு காப்பது? இங்குதான் நம் இலக்கணத்தின் எச்சம் நினைவிற்கு வருகின்றது. முற்றுப்பெறாத பதிவுக்கும் முற்றுப்பெற்ற பதிவுக்கும் ஒரே வகையைக் கொடுக்காமல், வெவ்வேறு வகையைக் கொடுத்தலே அவ்வழி. அதனை இவ்வாறு எழுதிக் காட்டலாம்:

தொடக்கம் + உடையவர் = பெயருற்ற எச்சம்
பெயருற்ற எச்சம் + பரப்பு = அளவுற்ற எச்சம்
அளவுற்ற எச்சம் + வாய்க்கால் = வழியுற்ற எச்சம்
வழியுற்ற எச்சம் + நீர்விடும் நாள் = வயற்பதிவு

'மதகைத் திற' என்னும் செயல் வயற்பதிவு ஒன்றையே ஏற்கும் என விதித்துவிடுவோம். வழியுற்ற எச்சத்தை அதற்குக் கொடுக்க முயன்றால், வினையெச்சத்தோடு தொடரை முடித்தவனை ஆசிரியன் தடுப்பதுபோலத் தொகுப்பான் தடுக்கும். ஒவ்வொரு படியிலும் பொருளின் வகையே மாறுகின்றது. எந்நிலையில் நிற்கின்றது என்பதை அதன் வகையே பறைசாற்றுகின்றது. மாறியின் நிலைக்கேற்ப அதன்மீது செய்யத்தக்கன வேறுபடும் என்னும் இக்கருத்தை 'வகைநிலை' எனலாம். ஐ.பி.எம். ஆய்வுநிலையத்தைச் சேர்ந்த ஸ்ட்றோம், யெமினி ஆகிய இருவரும் 1986 இல் ஒரு கட்டுரையில் இதனை முறைப்படுத்தி வெளியிட்டனர்.

வேறொரு நுட்பமும் உண்டு. பொருளை ஆக்கிக்கொண்டிருக்கும் இடைவேளையிலேயே, ஆக்கும் செயல்முறை பிறிதொரு செயலை அழைத்து அப்பொருளை அதன் கையிற் கொடுத்துவிடல் கூடும். அச்செயல் காண்பது பாதி நிரம்பிய பொருளையே. சுவர் எழும்பாத வீட்டிற் குடிபுகுந்தவன் நிலையே அதன் நிலை. ஜாவா மொழியில் இவ்விடர் நேர்தல் உண்டு. ஸ்விஃப்ற் மொழி இதனைத் தடுக்க ஆக்கத்தை இரு கட்டமாகப் பிரிக்கின்றது. எல்லாப் புலமும் நிரம்புவது முதற்கட்டம். அதன் பின்னரே அப்பொருள் தன் செயல்களை அழைத்தற்கு உரிமை பெறும்.

இம்முறைகளுக்கு மறுப்புக் கூறுவாரும் உளர். அவர் கூற்றுகளையும் நடுவுநிலையில் ஆராய்தல் நம் கடமை.

சுற்றிச் சுட்டும் பொருள்கள் உள என்பர் ஒருசாரார். கணவன் பதிவு மனைவியைச் சுட்டவேண்டும். மனைவி பதிவு கணவனைச் சுட்டவேண்டும். இரண்டும் நிறைவுடன் பிறக்கவேண்டுமாயின் எதனை முதலிற் படைப்பது? இது மெய்யான இடரே. ஒன்றையொன்று நேரே சுட்டாமல், இருவர் பதிவையும் படைத்தபின் 'திருமணம்' என்னும் மூன்றாவது பதிவால் இருவரையும் இணைத்தல் ஒரு தீர்வு. கொட்லின் மொழி, 'பின்னர் நிரப்புவேன்' என எழுதியவனே உறுதிகூறும் ஒரு வாயிலையும் திறந்து வைத்துள்ளது. ஆயின் அவ்வாயில் வழியே சென்றவனுக்குத் தொகுப்பானின் காவல் இல்லை. அவ்வுறுதி தவறினால் இயங்கு வேளையிலேயே பிழை தோன்றும்.

புறத்திலிருந்து வரும் தரவைத் தொகுப்பான் காணமாட்டாது என்பர் மற்றொரு சாரார். அதுவும் உண்மையே. 2025 இல் வந்த வெற்றுப் புலங்கள் புறத்திலிருந்து தரவாக வந்தவை. அவை வருவதை எந்த வகைமுறையும் தடுத்திராது. ஆயினும் வந்த தரவை உட்கொள்ளும் வாயிலில், 'புலம் வெறுமையாயின் என் செய்வது' என்பதை எழுதாமற் செல்ல வகைமுறை இடங்கொடாது. வாயிலில் ஒருமுறை நன்கு ஆராய்ந்து முழுமையான வகையாக மாற்றிக்கொண்டால், உள்ளே ஒவ்வோரறையிலும் மீண்டும் மீண்டும் ஆராய வேண்டுவதில்லை.

மூன்றாவது, விதிக்கு அஞ்சிப் பொய்ம்மதிப்பு இடுவார் என்பது. தொகுப்பான் கேட்கின்றது என்பதற்காகப் பரப்புக்குப் பூச்சியத்தையும் பெயருக்கு ஒரு கோட்டையும் இட்டு நிரப்புவார் உளர். வருகைப் பதிவேட்டை வெறுமனே அடையாளமிட்டு நிரப்பும் சோம்பலுக்கு இது ஒப்பாகும். இலக்கணம் வழுவற்ற பொய்யையும் தடுக்கமாட்டாது. 'கந்தன் நிலவைத் தின்றான்' என்பதில் எவ்வழுவும் இல்லை. வகைமுறை காப்பது வடிவின் நிறைவை. வாய்மையைக் காப்பது எழுதுபவன் கடமை. பூச்சியம் பரப்பாகாது எனின், பூச்சியத்தை ஏலாத 'பரப்பு' என்னும் தனிவகையைப் படைத்து, பொய்யின் வழியைச் சுருக்கலாம். முற்றாக அடைத்தல் இயலாது.

நம் மாணவர்க்கு இதனாற் பெறப்படும் பயன் யாது? க.பொ.த. உயர்தரத் தகவல் தொழினுட்பப் பாடத்திற் பைதன் மொழி கற்பிக்கப்படுகின்றது. அம்மொழி இயல்பாக வகையை முன்னரே ஆராய்வதன்று. இல்லாத புலத்தைத் தொடும் வேளையிலேயே பிழை கூறும். தொடக்க நிலையினர்க்கு அவ்வெளிமை நன்றே. ஆயினும் 2018 இல் வெளிவந்த பதிப்பு முதல் அம்மொழியில் தரவு வகுப்பு என்னும் அமைப்பு உண்டு. அதனைக் கையாண்டால், மதிப்புக் குறைந்த பொருள் பிறக்கும் வேளையிலேயே மறுக்கப்படும். வகைக் குறிப்புகளையும் சேர்த்தெழுதி, அவற்றை ஆராயும் தனிக்கருவியால் நோக்கினால், இயக்கு முன்னரே அக்குறை புலனாகும். இப்பழக்கத்தை மாணவப் பருவத்திலேயே கைக்கொண்டவர், பின்னாளில் மருந்தின் அளவையும் வங்கியின் கணக்கையும் கையாளும்போது பிறரைக் காப்பவராவர்.

குறைவற வகுத்த பின்னரே தொடங்குதல் என்பது நமக்குப் புதிதன்று. திருக்கோணமலையின் பழமை கூறும் கோணேசர் கல்வெட்டு என்னும் நூலை நம் பகுதியார் அறிவர். கோயிற் பணிகளை இன்னின்னார் இன்னின்னது செய்க என வகுத்துரைத்தல் அந்நூலின் தலையாய செய்திகளுள் ஒன்று. பூசைக்கு வேண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பொறுப்பாளராக முன்னரே குறிக்கப்பட்டால், மணி ஒலித்தபின் 'நெய் எங்கே, பூ எங்கே' எனத் தேடுதல் நேராது. தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலிலும் தொழும்பு வகுத்த முறை வழிவழி பேணப்பட்டு வந்துளது. முன்னோர் இதனை வழக்காற்றால் நிலைநாட்டினர். இன்றையோர் அதனை மொழியின் விதியாலும் நிலைநாட்டக் கற்றுள்ளனர்.

நினைவாற்றலை நம்பி விட்ட காவல் ஒருநாள் தவறும். எழுதுபவன் அயர்ந்த நாளிலும் அயராத விதி ஒன்று வேண்டும். அவ்விதியை வகுப்பார்க்கு எண்ணறிவோடு மொழியறிவும் இன்றியமையாதது என்பதைக் கொழும்பிற் பிறந்த அவ்வறிஞரின் கல்வி காட்டுகின்றது. எண்ணும் எழுத்தும் ஒருங்கு கற்பித்து வரும் நம் இந்துக் கல்லூரி, இவ்விரண்டிலும் வல்லவரை மேன்மேலும் இந்நாட்டிற்கு அளிப்பதாக.